பதின்மூன்று சென்டிமீட்டர்

பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்போது ஒன்றும் இல்லை.
வில்லுக்குறி வரைக்கும் ஒன்றும் இல்லை.
தக்கலை தாண்டி
ஒட்டுப்போட்ட தார் தொடங்குகிற இடத்தில்தான்
உடம்பு முனகத் தொடங்கும்.
எங்கே வலி என்று கேட்டால்
முதுகு என்பேன்.
டாக்டர் ஹெப்சியிடமும் முதுகு என்றுதான் சொன்னேன்.
களிம்பு எழுதித் தந்தார்.
முதுகு நன்றாகவே இருக்கிறது.

ஞாயிறுதோறும் ஆறு பேர் போகிறோம்,
என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள்.
மார்த்தாண்டத்தில் டீ.
பெஞ்சு காலியாகக் கிடக்க
ஆறு பேரும் நின்றுகொண்டே குடிப்போம்.
"இருங்களேன், பெஞ்சு ஒண்ணும் கடிக்காது"
என்றார் கடைக்காரர் ஒருநாள்.
ஆறு பேரும்
களியக்காவிளை பஸ்ஸை அவ்வளவு கவனமாகப் பார்த்தோம்.

ஜெல் உறை வாங்கிப் போட்டேன்.
இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது.
அடுத்த வாரம் இன்னும் மோசம்.
துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வருகிற சிலரைப் போல
மெத்தை
வேண்டாத இடத்திலெல்லாம் கைவைத்தது.
பவுடர் போட்டேன், தேங்காயெண்ணெய் தேய்த்தேன்.
முப்பதாவது கிலோமீட்டரில்
வலி போய் மரத்துப்போகும்.
அதுதான் பயம்.
வலித்தாலாவது அங்கே நான் இருக்கிறேன்.

வெட்டூர்ணிமடம் சைக்கிள் கடை மரிய ததேயு
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பின்சக்கரத்திடம் சொன்னார்:
"அந்தப் பஞ்சு வச்ச டிரவுசருக்கு உள்ள
வேற எதுவும் போடக் கூடாது, கேட்டீளா.
தையல்தான் அறுக்கும்."
ஏழு மாதம் போட்டிருந்தேன்.
நானும் சக்கரத்திடமே
சரி என்றேன்.

பிறகு ஆப்பிள் பெட்டியிலிருந்து
ஓர் அட்டையைக் கிழித்துத் தந்தார்.
"கதவச் சாத்திட்டு, மாடிப்படியில இதப் போட்டு
முட்டைத் தூக்கி நல்லா அமர்ந்து இருங்க.
ரெண்டு குழி விழும்.
நடுவுல எவ்வளவுன்னு
நம்பரை மட்டும் அனுப்புங்க."

பதினேழு வருடமாகக் கல்குளம் தாலுகாவில் சர்வேயர்.
வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை,
அண்ணன் தம்பி முறைத்து நிற்க நடுவில் சங்கிலி இழுத்தவள்.
அன்று ராத்திரி படிக்கட்டில்
என் எலும்புக்கு ஸ்கேல் வைத்தேன்.
இரண்டு பள்ளம்.
கோழி கிளறிய மண் மாதிரி லேசாக.
13 என்று அனுப்பினேன்.
அவர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

வந்த சீட் கல்.
நடுவில் ஓடை வெட்டிய கல்.
கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்து
மூக்கை ஒரு நூல் தாழ்த்தினார் ததேயு.
உயரத்தில் நாலு மில்லிமீட்டர் குறைத்தார்.
"இவ்வளவுதானா?"
"நாலு மில்லிமீட்டருக்கு உங்க ஆபீஸ்ல
எத்தன கேசு கெடக்கு?"

ஆனி மாதம், ஆரல்வாய்மொழி.
போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போனது,
திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது.
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க
கால்மணிக்கு ஒருதரம் எழுந்து நின்று மிதித்தேன்,
ரத்தம் கீழே இறங்கட்டும் என்று.
வலி போய்விட்டதா என்றால், இல்லை.
அறுபதுக்கு மேல் வருகிறது.
ஆனால் இப்போது எலும்பில் வருகிறது,
எலும்பு அதைத் தாங்கும்.

தோவாளையில் டீ.
பிச்சிப்பூ மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
வழக்கம்போல் எல்லோரும் நின்றார்கள்.
"ராபின்சன் சார்,
உங்க உட்காருற எலும்பு அளவு என்ன?"

டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன.
யாரோ இருமினார்கள்.
பேங்க் மேனேஜர் ராபின்சன்
டீயை ஊதினார், மறுபடியும் ஊதினார்,
பிறகு மெல்ல:
"எனக்கு ஆறு மாசமா மரத்துப்போகுது மேடம்.
வீட்ல கூட சொல்லல்ல."
"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.
கடித்தது.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.